ஒரே கணினியில் இரண்டு ஒலிப்பதிவு மென்பொருள்கள்: முறைவைப்பதா, இணைப்பதா, ஒன்றை விட்டுவிடுவதா?

என் கணினியில் மூன்று ஒலிப்பதிவு மென்பொருள்கள் இருக்கின்றன. குரலையும் வாத்தியங்களையும் பதிவு செய்ய ஒன்று, தாளக்கட்டு அமைக்க ஒன்று, பதிவானதை வெட்டிச் சுத்தம் செய்ய ஒன்று. இன்று மூன்றும் ஒன்றுக்கொன்று இடைஞ்சல் இல்லாமல் ஓடுகின்றன. இந்த நிலைக்கு வருவதற்குள் இரண்டு முறை எல்லாவற்றையும் அழித்து மறுபடி நிறுவினேன். இரண்டு முறையும் அது தேவையே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அதே நிலையில் இருப்பவர்கள் அந்த இரவுகளை இழக்கக் கூடாது என்பதற்காகவே இந்த ஒப்பீடு.

இரண்டாவது மென்பொருளை நிறுவிய மறுநாள் முதலாவது ஊமையாகிவிட்டால் நம் முன் ஐந்து வழிகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் நீக்கிவிட்டுப் புதிதாக நிறுவலாம். ஒரு நேரத்தில் ஒன்று என்று முறைவைத்துக்கொள்ளலாம். இரண்டையும் ஒன்றாகக் கோத்து ஓடவிடலாம். இரண்டுக்கும் தனித்தனி இடம் ஒதுக்கலாம். ஏதாவது ஒன்றுக்கு விடைகொடுக்கலாம். இவற்றில் எது உங்களுக்குப் பொருந்தும் என்பது, அந்த இரண்டும் எதற்காக முட்டிக்கொள்கின்றன என்பதைப் பொறுத்தது. அதைக் கண்டுபிடிக்காமல் வழியைத் தேர்ந்தெடுத்தால் காசும் நேரமும் போகும், கோளாறு அப்படியே இருக்கும்.

எதற்காக இந்தச் சண்டை?

முதலில் ஒரு எளிய சோதனை. கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள். முதல் மென்பொருளை மட்டும் திறந்து ஒரு புராஜெக்டை ஓடவிடுங்கள். மறுபடி மறுதொடக்கம் செய்து, இரண்டாவதை மட்டும் திறந்து பாருங்கள். தனியாக இருக்கும்போதே ஒன்று தடுமாறினால் அது மோதல் அல்ல, அந்த மென்பொருளின் சொந்தக் கோளாறு. தனித்தனியே இரண்டும் நன்றாக ஓடி, சேர்ந்து திறக்கும்போது மட்டும் ஒன்று அடங்கிவிட்டால், பெரும்பாலும் ஒலிச் சாதனத்தின் உரிமைதான் பிரச்சினை.

இது ஏன் என்று கொஞ்சம் விளக்க வேண்டும். விண்டோஸில் இசைக்காரர்கள் பயன்படுத்தும் ஏசியோ என்ற டிரைவர் முறையை (டிரைவர் என்பது மென்பொருளையும் சாதனத்தையும் பேசவைக்கும் சிறு நிரல்) 1997-இல் ஸ்டைன்பெர்க் நிறுவனம் கொண்டுவந்தது. விண்டோஸின் சொந்த ஒலிக்கலவையைச் சுற்றிக்கொண்டு போய், மென்பொருளை நேரடியாக ஆடியோ இன்டர்ஃபேஸுடன், அதாவது மைக்கையும் வாத்தியங்களையும் கணினியோடு இணைக்கும் பெட்டியுடன், பேசவைப்பது அதன் நோக்கம். நடுவில் யாரும் இல்லாததால்தான் வாசிப்பதற்கும் அது காதில் விழுவதற்கும் இடையிலான தாமதம் குறைகிறது. ஆனால் இரண்டு மென்பொருள்களின் ஒலியைக் கலந்து தருவதற்கும் நடுவில் யாரும் இல்லை. அதனால் பல ஏசியோ டிரைவர்கள் ஒரு நேரத்தில் ஒரு மென்பொருளுக்கு மட்டுமே கதவைத் திறக்கின்றன. ஆர்எம்ஈ போன்ற சில நிறுவனங்கள் பல மென்பொருள்கள் ஒரே நேரத்தில் நுழையும்படி டிரைவரை எழுதியிருக்கின்றன. உங்கள் சாதனம் எந்த வகை என்பதை அதன் கையேட்டில் பார்த்துக்கொள்வது நல்லது. இந்த ஒரு விவரம் கீழே வரும் பாதி முடிவுகளை மாற்றிவிடும்.

மேக்கில் இந்தச் சிக்கல் மிகக் குறைவு. அங்கே இருக்கும் கோர் ஆடியோ, பல மென்பொருள்கள் ஒரே சாதனத்தைப் பகிர்ந்துகொள்ள இடம் தருகிறது. லினக்ஸில் முன்பு ஜாக் என்ற ஒலிச் சர்வரை ஓடவிட்டுத்தான் இந்தப் பகிர்வைச் சாதிக்க வேண்டியிருந்தது. இப்போது பைப்வயர் என்ற ஒலியமைப்பு அந்த வேலையைப் பின்னணியிலேயே பார்த்துக்கொள்கிறது.

சாதனத்தைப் பகிர முடிந்தாலும் சாம்பிள் ரேட்டை, அதாவது ஒரு வினாடிக்கு எத்தனை முறை ஒலி அளக்கப்படுகிறது என்ற எண்ணை, பகிர்ந்தே தீர வேண்டும். இங்கேதான் நான் மிகவும் ஏமாந்தேன். ஒரு பாட்டின் பின்னணி இசையை 44.1 கிலோஹெர்ட்ஸில் அமைத்திருந்தேன். வெட்டுவதற்கு வைத்திருந்த இன்னொரு மென்பொருள் 48-இல் திறந்து கிடந்தது. பாட்டை ஓடவிட்டதும் ஏதோ இடறியது. இசை சரியாகவே கேட்டது, தாளம் பிசகவில்லை, ஆனால் பாட வந்தவர் பல்லவியைத் தொடங்கிவிட்டு, “சுருதி ஏறியிருக்கிறதே” என்று நிறுத்திவிட்டார். அவர் சொன்னது சரிதான். 44.1-க்கான சாம்பிள்களை 48 வேகத்தில் வாசித்தால் சுருதி ஏறக்குறைய ஒன்றரை செமிடோன், நம் கணக்கில் முக்கால் கட்டை அளவுக்கு, ஏறிவிடும். நான்கு நிமிடப் பாட்டு 3 நிமிடம் 40 வினாடியில் முடிந்துவிடும். எந்த எச்சரிக்கையும் திரையில் வராது. அன்று அவருடைய காது இல்லாமல் போயிருந்தால் முழுப் பாட்டையும் தவறான சுருதியில் பதிவு செய்திருப்பேன்.

இந்தத் தவற்றில் மூன்றாவது குற்றவாளியும் உண்டு: இணைய உலாவி. ஏதாவது ஒரு காணொளி பின்னணியில் ஓடிக்கொண்டிருந்தால், சில இன்டர்ஃபேஸ்களில் விண்டோஸ் அந்தச் சாதனத்தைத் தன் சாம்பிள் ரேட்டில் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒலிப்பதிவு மென்பொருள் அதை மாற்றச் சொன்னாலும் மாறாது. நாம் இரண்டு இசை மென்பொருள்களையும் மாறி மாறிச் சந்தேகித்துக்கொண்டிருப்போம்.

மற்ற காரணங்கள் இவ்வளவு மறைவானவை அல்ல. மிடி கீபோர்டு (ஒலியை அனுப்பாமல், எந்தக் கட்டை அழுத்தப்பட்டது என்ற தகவலை மட்டும் அனுப்பும் கீபோர்டு) ஒரு மென்பொருளில் வேலை செய்து மற்றொன்றில் வேலை செய்யாவிட்டால், அதன் இணைப்பு வாயிலான போர்ட்டை முதலாவது பிடித்து வைத்திருக்கிறது என்று அர்த்தம். விண்டோஸின் பழைய வகை மிடி டிரைவர்கள் பலவும் ஒரு போர்ட்டை ஒருவருக்கே தருகின்றன. கீபோர்டு தேவைப்படாத மென்பொருளின் அமைப்புகளில் அந்தப் போர்ட்டை அணைத்துவிட்டால் போதும்.

பிளகின்களின், அதாவது ஒலிப்பதிவு மென்பொருளுக்குள் திறக்கும் வாத்திய, ஒலித்திருத்தச் சிறு மென்பொருள்களின், சண்டை வேறு வகை. புதிய மென்பொருளை நிறுவியபின் பழைய புராஜெக்டில் ஒரு வாத்தியம் மட்டும் காணாமல் போகும், அல்லது வேறு குரலில் ஒலிக்கும். விஎஸ்டி 2 வகைப் பிளகின்களுக்கு உறுதியான ஒரே கோப்புறை இல்லை. நிறுவும்போது எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். அதனால் ஒரே பிளகினின் பழைய பதிப்பு ஓரிடத்திலும் புதிய பதிப்பு வேறோரிடத்திலும் கிடக்க, ஒரு மென்பொருள் அதையும் மற்றொன்று இதையும் எடுத்துக்கொள்ளும். 2008-இல் வந்த விஎஸ்டி 3 முறையில் எல்லோருக்கும் பொதுவான ஒரு கோப்புறை வரையறுக்கப்பட்டது. ஒரு பிளகினின் இரண்டு வடிவங்களும் உங்களிடம் இருந்தால் புதிய புராஜெக்டுகளுக்கு விஎஸ்டி 3-ஐயே எடுங்கள். பழைய புராஜெக்டுகள் விஎஸ்டி 2-ஐ நம்பி இருக்கலாம் என்பதால் அதை அவசரப்பட்டு அழிக்க வேண்டாம்.

மறுநிறுவல்: முதலில் தோன்றுவது, கடைசியில் வைக்க வேண்டியது

மோதல் வந்ததும் கை தானாக இதற்குத்தான் போகும். ஆனால் ஒரு மென்பொருளை நீக்கும்போது அதன் அமைப்புகள் பெரும்பாலும் பயனர் கோப்புறையில் அப்படியே தங்கிவிடுகின்றன. டிரைவர் தனியாக நிறுவப்பட்டது என்பதால் அதுவும் அசையாமல் இருக்கும். மறுபடி நிறுவினால் பழைய அமைப்பே திரும்பி வந்து உட்காரும். போவதெல்லாம் நமக்கு வேண்டியவைதான்: கைக்குப் பழகிய விசைக் குறுக்குவழிகள், பிளகின் உரிமச் செயல்படுத்தல்கள். தனியாக ஓடும்போதே ஒரு மென்பொருள் சரியில்லை என்றால்கூட, முதலில் அதன் அமைப்புகள் இருக்கும் கோப்புறையின் பெயரை மாற்றிவிட்டுத் திறந்து பாருங்கள். மென்பொருள் புதிய கோப்புறையைத் தானே உருவாக்கிக்கொள்ளும். சரியானால் கோளாறு பழைய அமைப்பில் இருந்தது என்று தெரிந்துவிடும். சரியாகாவிட்டால் பெயரைத் திருப்பி வைத்து எதையும் இழக்காமல் அடுத்ததைப் பார்க்கலாம்.

முறைவைத்துப் பயன்படுத்துவது

செலவே இல்லாத வழி இதுதான். பெரும்பாலானவர்களுக்கு இதுவே போதும் என்று அழுத்தமாகச் சொல்வேன். இரண்டு மென்பொருள்களையும் ஒரே கணத்தில் ஒலிக்கவைக்க வேண்டிய தேவை உண்மையில் எத்தனை பேருக்கு இருக்கிறது? தாளத்தை ஒன்றில் அமைத்து, வேவ் கோப்பாக எடுத்து, மற்றொன்றில் இறக்கிப் பாடினால் வேலை முடிந்தது.

ஒவ்வொரு முறையும் ஒன்றை மூடி மற்றொன்றைத் திறக்க வேண்டியதில்லை. சாதனத்தைத் தானாகவே கைவிடும் வசதி பல மென்பொருள்களில் இருக்கிறது. நம் கண்ணில் படாமல் கிடக்கிறது. க்யூபேஸில் பின்னணிக்குப் போகும்போது டிரைவரை விடுவிக்கச் சொல்லும் தேர்வு ஆடியோ அமைப்புப் பக்கத்தில் உண்டு. ரீப்பரில் ஓட்டம் நின்று, வேறு சாளரத்துக்குப் போனதும் சாதனத்தை மூடும் தேர்வு இருக்கிறது. எஃப்எல் ஸ்டூடியோவிலும் சாதனத்தைத் தானாக மூடும் பொத்தான் ஆடியோ அமைப்புகளிலேயே இருக்கிறது. இரண்டு மென்பொருளிலும் இதை இயக்கிவிட்டால் சாளரம் மாறும்போது சாதனமும் கைமாறும். இதை முதன்முறை கண்டுபிடித்த அன்று, இத்தனை நாள் இது தெரியாமல் போனதே என்று வருத்தமாகவும் பெரிய நிம்மதியாகவும் இருந்தது.

இது சரியாக நடக்க மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும். எல்லாப் புராஜெக்டுகளுக்கும் ஒரே சாம்பிள் ரேட் என்று முடிவு செய்துவிடுங்கள். காணொளிக்கு இசை செய்பவர் 48 என்றும், பாட்டு மட்டும் செய்பவர் 44.1 என்றும் வைத்துக்கொள்ளலாம். எந்த எண் என்பதைவிட ஒரே எண் என்பதுதான் முக்கியம். அடுத்து, கணினியின் பொது ஒலியை, அதாவது உலாவி, அறிவிப்பு மணி போன்றவற்றை, இன்டர்ஃபேஸுக்கு அனுப்பாமல் கணினியின் சொந்த ஒலிபெருக்கிக்குத் திருப்பிவிடுங்கள். கடைசியாக, சாளரம் மூடியதும் மென்பொருள் மூடிவிட்டது என்று நம்பாதீர்கள். சில சமயம் சாளரம் மறைந்தபின்பும் உள்ளே அதன் செயல் ஓடிக்கொண்டே டிரைவரைப் பிடித்திருக்கும். டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெயரைத் தேடிப் பாருங்கள். என் இரண்டாவது மறுநிறுவலுக்குக் காரணம் அப்படி ஒளிந்திருந்த ஒரே ஒரு செயல்தான்.

இணைத்து ஓடவிடுவது

இரண்டும் ஒரே நேரத்தில், ஒரே தாளத்தில் ஓட வேண்டிய தேவை சிலருக்கு நிஜமாகவே இருக்கிறது. ஒன்றில் இருக்கும் சிந்தசைசரைக் கையால் வாசித்தபடியே மற்றொன்றில் பதிவு செய்பவர்கள் அவர்கள். ஒரு காலத்தில் இதற்கு ரீவயர் இருந்தது. ப்ரோபெல்லர்ஹெட் நிறுவனமும் ஸ்டைன்பெர்க்கும் சேர்ந்து 1998-இல் தந்த அந்த முறையில் ஒரு மென்பொருள் மற்றொன்றின் மிக்சருக்குள் தடங்களாகத் தோன்றும். அதற்கான ஆதரவு 2020-இன் இறுதியோடு நிறுத்தப்பட்டது. பழைய வழிகாட்டிகள் இன்னும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கின்றன. புதிதாகத் தொடங்குபவர் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

இப்போது இருப்பவற்றில் எனக்குப் பிடித்தது, ஒன்றை மற்றொன்றுக்குள் பிளகினாகத் திறப்பது. ரீசன் மென்பொருள் 2019-இல் வந்த 11-ஆம் பதிப்பிலிருந்து அதன் வாத்திய அடுக்கான ராக்கைப் பிளகினாகத் தருகிறது. எஃப்எல் ஸ்டூடியோவுக்கும் பிளகின் வடிவம் உண்டு. இப்படித் திறக்கும்போது சாதனத்தைத் தொடுவது வெளியே இருக்கும் மென்பொருள் மட்டுமே. உரிமைச் சண்டைக்கே இடமில்லை. தாளமும் சாம்பிள் ரேட்டும் தாமாகவே ஒத்துப்போகும். உங்கள் மென்பொருளுக்கு இந்த வசதி இருந்தால் அடுத்த பத்தியைத் தாண்டிவிடலாம்.

இல்லாதவர்களுக்கு மெய்நிகர் ஒலிக்கம்பிகள் இருக்கின்றன: விண்டோஸில் விபி-கேபிள், மேக்கில் பிளாக்ஹோல். ஒன்றின் வெளியீட்டை மற்றொன்றின் உள்ளீடாகக் காட்டும் போலிச் சாதனங்கள் இவை. பேச்சைப் பதிவு செய்யவும் நேரலைக்கும் அருமையாக உதவும். இசைப்பதிவுக்கு விலை அதிகம், அந்த விலை காசு அல்ல, தாமதம். ஒலியைச் சிறு சிறு பகுதிகளாகச் சேர்த்துவைத்து அனுப்பும் இடம்தான் பஃபர். 48 கிலோஹெர்ட்ஸில் 256 சாம்பிள் பஃபர் என்றால் ஒரு கட்டத்துக்கு 5.3 மில்லி வினாடி. உள்ளே வருவது, முதல் மென்பொருள், கம்பி, இரண்டாவது மென்பொருள், வெளியே போவது என்று ஐந்து கட்டங்களிலும் ஒவ்வொரு பஃபர் சேர்ந்தால் 26 மில்லி வினாடியைத் தாண்டிவிடும். அவ்வளவு தாமதமாகத் தன் குரலைக் கேட்டுக்கொண்டு பாடுபவர் தாளத்தில் நிற்கத் திணறுவார். இதுபோக, மெய்நிகர் கம்பியின் கடிகாரமும் இன்டர்ஃபேஸின் கடிகாரமும் மயிரிழை விலகினாலும் சில நிமிடங்களில் சொடுக்குச் சத்தம் கேட்கத் தொடங்கும். தாளம் மட்டும் ஒத்துப்போனால் போதும் என்பவர்களுக்கு ஏபிள்டன் லிங்க் எளிது. அது ஒலியை அனுப்பாது, வேகத்தையும் தாள நிலையையும் மட்டும் பகிரும்.

தனித்தனி இடம்

இரண்டு மென்பொருள்களுக்கும் இரண்டு பயனர் கணக்கு வைத்தால் தீர்ந்துவிடும் என்று சிலர் சொல்வதுண்டு. டிரைவர் கணினி முழுமைக்கும் பொது என்பதால் சாதனச் சண்டை இதனால் தீராது. அமைப்புகள் கலந்துபோவது மட்டும் நிற்கும். ஒரே கணினியில் இரண்டு இயங்குதளங்களை நிறுவி, மாற்றி மாற்றித் தொடங்குவது உறுதியான பிரிவுதான். ஆனால் தாளத்தில் ஒரு சின்னத் திருத்தம் செய்ய ஒவ்வொரு முறையும் கணினியை அணைத்துத் திறப்பவர் சீக்கிரமே திருத்துவதை விட்டுவிடுவார். பாட்டுக்கு அது நல்லதல்ல.

நான் தேர்ந்தெடுத்தது சாதனத்தைப் பிரிப்பது. பதிவு செய்யும் மென்பொருளுக்கு இன்டர்ஃபேஸும் அதைச் செய்த நிறுவனத்தின் ஏசியோ டிரைவரும். வெட்டிச் சுத்தம் செய்யும் மென்பொருளுக்குக் கணினியின் சொந்த ஒலியமைப்பும் விண்டோஸின் சொந்த ஒலி வழியான வாசாபியும். வெட்டும் வேலைக்குத் தாமதம் ஒரு பொருட்டல்ல. ஹெட்ஃபோனை மாற்றிச் செருகுவதுதான் ஒரே சிரமம். இலவச வெட்டு மென்பொருளான ஆடாசிட்டியின் பொதுப் பதிப்புகள் உரிமக் காரணத்தால் பல ஆண்டுகள் ஏசியோ இல்லாமலே வந்தன. அதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. இந்த ஏற்பாட்டில் அது வசதியாகவே அமைந்தது. இன்னொன்று: மென்பொருள்களோடு சேர்ந்து வந்த பொதுவான ஏசியோ டிரைவர்கள் பட்டியலில் இரண்டு மூன்று கிடந்தால், இன்டர்ஃபேஸுக்குச் சொந்த டிரைவர் இருக்கும்பட்சத்தில் அவற்றை நீக்கிவிடுங்கள். புதிய மென்பொருள் முதன்முறை திறக்கும்போது அவற்றில் ஒன்றைத் தானாகத் தேர்ந்தெடுத்துக்கொண்டு குழப்புவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஒன்றை விட்டுவிடுவது

இரண்டு மென்பொருள்களும் ஒரே வேலையைச் செய்கின்றன என்றால், இரண்டையும் வைத்திருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் பழைய புராஜெக்டுகள்தான். அப்படியென்றால் மோதலைத் தீர்ப்பதில் மெனக்கெடுவதைவிட ஒன்றைத் தேர்ந்துகொள்வது மேல். எதை வைத்துக்கொள்வது? வசதிப் பட்டியலைப் பார்க்காதீர்கள். கடந்த சில மாதங்களில் பாட்டை முடித்தது எதில் என்று பாருங்கள். தொடங்கியது எதில் என்பது கணக்கில்லை.

சாதனம் பல மென்பொருள்களை அனுமதிக்கும் வகையாக இருந்தாலோ, மேக்கில் வேலை செய்தாலோ, விடுவதற்கு இந்த அவசரம் இல்லை. சாம்பிள் ரேட்டை ஒன்றாக்கினால் இரண்டும் நிம்மதியாக ஓடும். ஒற்றைக் கதவு டிரைவர் உள்ளவர்கள் முதலில் முறைவைத்துப் பாருங்கள். ஒரு மாதம் கழித்தும் அது தொல்லையாகவே இருந்தால், உங்கள் வேலைக்கு இரண்டும் ஒரே நேரத்தில் வேண்டும் என்று பொருள். அப்போது பிளகினாகத் திறப்பதையோ சாதனத்தைப் பிரிப்பதையோ நாடலாம்.

விடுவது என்று முடிவு செய்தால் நீக்குவதற்கு முன் புராஜெக்டுகளைக் காப்பாற்றுங்கள். 2023-இல் பிட்விக், ப்ரீசோனஸ் நிறுவனங்கள் அறிமுகப்படுத்திய டாபுராஜெக்ட் என்ற திறந்த கோப்பு வடிவத்தை இரண்டு மென்பொருள்களும் ஏற்குமானால் தடங்களும் மிடியும் ஓரளவு அப்படியே வந்துசேரும். ஏற்காவிட்டால் ஒவ்வொரு தடத்தையும் பாட்டின் முதல் நொடியிலிருந்தே தொடங்கும்படி 24 பிட் வேவ் கோப்பாக எடுங்கள். பாதியில் நுழையும் வயலினுக்குக்கூட முன்னால் இருக்கும் மௌனம் சேர்ந்தே வர வேண்டும். அப்போதுதான் எந்த மென்பொருளில் இறக்கினாலும் தடங்கள் வரிசையாகப் பொருந்தும். மிடியைத் தனிக் கோப்பாகவும், பாட்டின் வேகத்தையும் பிளகின் அமைப்புகளையும் திரைப்பிடிப்புகளாகவும் (ஸ்கிரீன்ஷாட்) சேமித்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் புதிய இடத்தில் இறக்கி, பழைய கலவைக் கோப்பைப் பக்கத்துத் தடத்தில் வைத்து, இரண்டையும் மாற்றி மாற்றிக் கடைசி நொடிவரை கேட்ட பிறகே பழைய மென்பொருளை நீக்குங்கள்.